எந்த மரபணு என்று சொல்லாமல் விதை கொடுக்காதீர்கள்

பெறுநர்: நெல் இரகங்களைத் தெரிவு செய்து, விதைப் பெருக்கத்துக்கும் விநியோகத்துக்கும் ஒப்புதல் அளிக்கும் குழுவின் உறுப்பினர்களுக்கும், அக்குழுவுக்கு ஆலோசனை கூறும் பயிர் ஆய்வாளர்களுக்கும்.

மதிப்புக்குரியீர்,

வரும் சம்பாப் பட்டத்துக்கு எங்கள் வட்டாரத்தின் விதை ஒதுக்கீட்டில் ஒரே ஒரு சன்ன இரகம்தான் வருகிறது. பள்ளக்கால்களில் நாங்கள் தொடர்ந்து நட்டுவந்த, நெல்லின் சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியான புகையானை ஓரளவு தாங்கி நின்ற மோட்டா இரகத்துக்கு இனி ஆதார விதை கிடையாது, ஆகவே அதிலிருந்து பெருக்கி விவசாயிகளுக்குக் கொடுக்கும் சான்று விதையும் கிடையாது என்று விரிவாக்க மையத்தில் சொன்னார்கள். காரணம் கேட்டதற்கு, மேலே இருந்து தேவைப் பட்டியலில் எடுத்துவிட்டார்கள் என்பதே பதிலாக இருந்தது. அதே பலகையில், அதே வாரத்தில், புகையானுக்கான பூச்சிமருந்துக்கு மானியம் உண்டு என்ற அறிவிப்பும் ஒட்டப்பட்டிருந்தது. விதைக்குள்ளேயே இருந்த பாதுகாப்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தெளிப்பானை வைக்கும் இந்த ஏற்பாட்டைப் பேசாமல் ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை.

காவிரியின் கடைமடையில் நெல் பயிரிடும் குடும்பம் எங்களுடையது. கல்லூரியில் தாவரவியல் படித்துவிட்டு நிலத்துக்குத் திரும்பிய நான், ஆதார விதை வாங்கிச் சான்று விதை உற்பத்தி செய்து கொடுக்கும் விதைப் பண்ணை விவசாயியும்கூட. ஆகவே நீங்கள் எடுக்கும் முடிவு நாற்றங்காலில் தொடங்கிக் களத்துமேடு வரை என்ன செய்கிறது என்பதை இரண்டு பக்கமிருந்தும் பார்த்துவருகிறேன்.

சென்ற சம்பாவில் எங்கள் ஊரில் வடக்கு வாய்க்காலின் இரு கரையிலும் நடந்ததை முதலில் சொல்கிறேன். மேல்கரையில் பிபிடி 5204 என்ற சன்ன இரகம், கீழ்க்கரையில் அந்த மோட்டா இரகம். ஒரே வாரத்தில் நடவு, ஒரே மழை, உரத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் மேல்கரை வயலில் தூரை விரித்துப் பார்த்தால், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, இலையுறையை ஒட்டிப் பழுப்பு நிறக் குஞ்சுகள் அடை அடையாக உட்கார்ந்திருந்தன. கையை அசைத்தால் அவை பறப்பதில்லை. தண்டைச் சுற்றி நண்டுபோல் பக்கவாட்டில் நகர்ந்து மறுபக்கம் போய் ஒளிகின்றன. தூரின் அடியில் அவை கழித்த தேன்கழிவு பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூஞ்சாணம் படர்ந்திருந்தது. அடுத்த சில நாட்களில் வயலின் நடுவில் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து சாய்ந்தது. அந்த வைக்கோலை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. கீழ்க்கரை வயலிலும் புகையான் இருந்தது. ஆனால் தூருக்கு ஒன்றிரண்டு என்ற அளவைத் தாண்டவில்லை, வட்டம் விழவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. வாய்க்காலின் அகலம் புகையானுக்கு ஒரு தடையே அல்ல. அந்த இரண்டு வயல்களையும் வேறுபடுத்தியது விதைக்குள் இருந்த ஏதோ ஒன்று. அது என்ன என்று எங்களுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. நீக்கப்பட்டது அதுதான்.

அது என்னவாக இருக்கும் என்பதைப் பற்றி உலகின் ஆய்வுக்கூடங்கள் இன்று நிறையவே அறிந்திருக்கின்றன. புல்லினத்தைச் சேர்ந்த நெல்லால் பூச்சியைக் கண்டு ஓட முடியாது. ஆனால் தன்னைக் குத்துவது யார் என்று அதனால் அறிய முடியும். புகையான் தன் ஊசி போன்ற வாயுறுப்பை இலையுறைக்குள் செலுத்தி, சர்க்கரை ஓடும் சல்லடைக் குழாயைத் தேடிப்பிடித்துச் சாற்றை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது எச்சிலைப் பயிருக்குள் விடுகிறது. 2009இல் சீனாவின் வூகான் ஆய்வாளர்கள், ஒரைசா அஃபிசினாலிஸ் என்னும் காட்டு நெல்லிலிருந்து வந்த பிபிஎச்-14 என்ற மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். புகையான் எதிர்ப்பில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட மரபணு அதுவே. அந்த மரபணு உருவாக்கும் புரதம் செல்லுக்குள் காவலிருந்து, பூச்சியின் எச்சிலில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண்கிறது என்பது 2023இல் விளக்கப்பட்டது. அடையாளம் கண்டவுடன் சாலிசிலிக் அமிலத்தின் வழியே எச்சரிக்கை பரவுகிறது; சல்லடைக் குழாயின் துளைகளில் கேலோஸ் என்னும் மாவுப்பொருள் போன்ற சர்க்கரைச் சேர்மம் படிந்து குழாயை அடைக்கிறது. பூச்சி குத்திக்கொண்டே இருந்தாலும் அதற்குச் சாறு கிடைப்பதில்லை. எதிர்ப்பில்லாத இரகத்திலும் இதே அடைப்பு உண்டாகிறது. ஆனால் அங்கே அந்த அடைப்பு மறுபடி கரைந்துவிடுகிறது, பூச்சி விருந்தைத் தொடர்கிறது.

அந்த ஆய்வில் என்னை மிகவும் நெகிழவைத்த ஒரு செய்தி உண்டு. பூச்சியின் எச்சில் புரதத்தைக் கண்டறிந்து எதிர்ப்பை முடுக்கிவிட்ட பயிர், அதே புரதத்தைச் சிதைத்து அகற்றும் வேலையையும் சேர்த்தே செய்கிறது. பூச்சி போனபின் எச்சரிக்கை தணிந்து, பயிர் மீண்டும் வளர்ச்சிக்குத் தன் ஆற்றலைத் திருப்புகிறது. எதிர்ப்புத் திறன் இருந்தால் விளைச்சல் குறைந்துவிடும் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். எல்லா எதிர்ப்பும் விளைச்சலைத் தின்றுவிடுவதில்லை என்பதற்கு இந்த ஒரு மரபணுவே சான்று.

எல்லா மரபணுவும் ஒரே வழியில் வேலை செய்வதுமில்லை. இலங்கையின் பழைய இரகமான ரத்து ஹீனட்டியில் உள்ள பிபிஎச்-3 என்பது, செல்லின் வெளிச்சவ்வில் நின்று காவல் காக்கும் ஏற்பிகளின் மரபணுத் தொகுதி என்று 2015இல் தெரியவந்தது. பிபிஎச்-30 இன்னொரு வகை: அது இலையுறையின் வன்திசுவைத் தடிப்பாக்கி ஊசியையே உள்ளே நுழையவிடுவதில்லை. இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட புகையான் எதிர்ப்பு மரபணுக்கள் இன்று அடையாளம் காணப்பட்டுள்ளன. ஆனால் எங்கள் கைக்கு வரும் இரகக் கையேட்டில் வயது, விளைச்சல், அரிசியின் வடிவம், ஆயிரம் மணியின் எடை எல்லாம் இருக்க, பூச்சியைப் பற்றி ஒரே ஒரு தொடர்தான் அச்சாகிறது: "புகையானுக்கு மிதமான எதிர்ப்புத் திறன் கொண்டது." எந்த மரபணுவால், எந்த ஊர்ப் பூச்சியை வைத்து, எந்த ஆண்டில் சோதித்த எதிர்ப்பு என்ற விவரம் எதுவும் கிடையாது.

இந்த விவரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இந்த மண்ணின் நெல் வரலாறே காட்டுகிறது. திரூர்குப்பத்தில் உருவான டிகேஎம் 6, உலக நெல் இனப்பெருக்கத்தில் பெரும்பங்கு வகித்த இரகம். தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மைக்காக அது ஐஆர் 20இன் பெற்றோரானது. ஐஆர் 20ஐத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதே டிகேஎம் 6, புகையானிடம் தான் வீழ்ந்தாலும், பிபிஎச்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைத் தனக்குள் வெளிப்படாமல் வைத்திருந்தது. அதை அமுக்கிவைத்த இன்னொரு மரபணு பிரிந்துபோன வாரிசுகளில் எதிர்ப்பு வெளிப்பட்டது. அப்படி வந்த ஐஆர் 26, 1973இல் பிலிப்பைன்ஸில் வெளியிடப்பட்டுப் பல நாடுகளில் வேகமாகப் பரவியது. ஒரே மரபணுவை நம்பி இலட்சக்கணக்கான ஹெக்டேரில் ஒரே இரகம். அந்த மரபணுவைத் தாண்டக்கூடிய பூச்சிகள் மட்டும் பிழைத்துப் பெருகின. 1976 வாக்கில் ஐஆர் 26 வயல்கள் காய்ந்தன. அடுத்து பிபிஎச்-2 மரபணுவுடன் ஐஆர் 36 வந்தது. 1980களில் உலகில் ஒரு கோடி ஹெக்டேர் அளவுக்குப் பரவியது. சில ஆண்டுகள் கழித்து அதையும் தாண்டிய பூச்சிகள் சுமத்ராவிலும் மிந்தனாவோவிலும் தோன்றின.

பிபிஎச்-2 முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது எங்கே என்பதும் நினைவிருக்க வேண்டும். அம்பாசமுத்திரத்தின் ஏஎஸ்டி 7 என்ற இரகத்தில், 1971இல். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் பல ஆண்டுகள் பயிரைக் காத்த அந்த மரபணு, அது பிறந்த இந்தியாவில் உள்ள புகையானுக்கு முன்னால் நிற்கவில்லை. நம் துணைக்கண்டத்துப் புகையான் கூட்டமே வேறு வகை. ஏஎஸ்டி 7ஐயும் பிபிஎச்-1 கொண்ட முட்கோ என்ற இரகத்தையும் அது காயவைத்துவிடுகிறது, பிடிபி 33 என்ற இரகத்திடமும் ரத்து ஹீனட்டியிடமும்தான் அது தடுமாறுகிறது. ஆனைக்கொம்பன் ஈயிலும் இதே கதைதான். இந்தியாவில் மட்டும் அதன் ஏழு வகைகள் பதிவாகியுள்ளன, ஒரு மாவட்டத்தில் தாங்கும் இரகம் இன்னொரு மாவட்டத்தில் கதிர் வராமல் வெள்ளித்தண்டாகி நிற்கும். இதையெல்லாம் கண்டறிந்து எழுதியவர்கள் உங்கள் துறையின் மூத்த ஆய்வாளர்கள். அவர்கள் எழுதிவைத்ததற்குப் பிறகும், எங்கோ ஓர் ஆண்டில் சோதித்த முடிவை மாநிலம் முழுவதற்கும் நிரந்தர முத்திரையாகக் குத்துவது எப்படிச் சரியாகும்?

பிடிபி 33ஐப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பட்டாம்பி நெல் ஆராய்ச்சி நிலையம் 1927இல் தொடங்கப்பட்டபோது அந்த ஊர் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அங்கே உள்ளூர் நெல்லிலிருந்து தெரிவு செய்யப்பட்ட பிடிபி 33, இன்றும் ஆசியாவின் புகையான் சோதனைகளில் எதிர்ப்புக்கான அளவுகோலாக நடப்படுகிறது. ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அந்தச் சோதனையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு தட்டில் வரிசை வரிசையாக நாற்று. எதிர்ப்பே இல்லாத டிஎன் 1 ஒரு வரிசை, பிடிபி 33 ஒரு வரிசை, நடுவில் சோதிக்க வேண்டிய இரகங்கள். நாற்றின்மேல் புகையான் குஞ்சுகளைத் தட்டிவிட்டு வலைக்கூண்டால் மூடுகிறார்கள். டிஎன் 1 வரிசை முழுதும் பழுத்து மடிந்த அன்று மற்ற வரிசைகளுக்குச் சுழியிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண் இடுகிறார்கள்; எண் குறையக் குறைய எதிர்ப்பு கூடுதல். நான் பார்த்த தட்டில் டிஎன் 1 நாற்று வைக்கோல் நிறத்தில் படுத்துக்கிடக்க, ஓரிரு விரற்கடை தள்ளி பிடிபி 33 கீழிலை மட்டும் லேசாக மஞ்சளடித்து நிமிர்ந்து நின்றது. ஒரு தட்டு, கொஞ்சம் மண், சில நூறு பூச்சிகள், ஏறக்குறைய இரண்டு வாரம்: இவ்வளவு எளிய சோதனையை, ஒவ்வொரு வட்டாரத்திலும் அந்தந்த ஆண்டு பிடித்த பூச்சியை வைத்து, விநியோகத்தில் உள்ள ஒவ்வோர் இரகத்துக்கும் செய்து முடிவை வெளியிட முடியாது என்று யாராவது சொன்னால் அதை நான் நம்ப மாட்டேன்.

மருந்து மானியத்துக்கு வருகிறேன். புகையானைப் பெருக்கிவிடுவதே பல சமயம் மருந்துதான் என்பது உங்கள் பயிற்சிக் கையேடுகளிலேயே உள்ளது. ஓநாய்ச் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் தூரடியில் புகையானையும் அதன் முட்டையையும் தின்றுகொண்டிருக்கும்போது, செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை இலைமேல் தெளித்தால் முதலில் சாவது அவைதான். இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும் புகையான் முட்டைகள் பொரிந்து, எதிரியே இல்லாத வயலுக்குள் வருகின்றன. சிலந்தி இல்லாவிட்டால் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி என்று, மருந்தை நினைக்க வேண்டிய அளவான பொருளாதாரச் சேதநிலையை வகுத்துத் தந்ததே வேளாண் அறிவியல்தானே. இந்தோனேசியா இதை வயல் வயலாக இழந்து கற்றுக்கொண்டது. 1986இல் அதிபர் ஆணையின் மூலம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து, அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மானியத்தையும் நிறுத்தியது. இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகளுக்கும் புகையான் பழகிவிட்டதை ஆசிய நாடுகள் பலவும் 2000களிலிருந்து பதிவு செய்துவருகின்றன. இவ்வளவுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்துக்கு வந்த மானியப் பட்டியலில் பைரித்ராய்டு கலந்த கூட்டு மருந்தும் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. அந்த மருந்தைத் தோளில் சுமந்து தெளிப்பவர்கள் கையுறைகூட இல்லாத கூலித் தொழிலாளிகள். மாலையில் தலைவலியோடும் கண்ணெரிச்சலோடும் வீடு திரும்புபவர்கள் அவர்கள்தான்.

சன்ன அரிசிக்குத்தான் விலை, நுகர்வோர் அதைத்தான் கேட்கிறார்கள் என்பது உங்கள் தரப்பின் வலுவான வாதம் என்பதை அறிவேன். கொள்முதல் நிலையத்திலும் சன்ன இரகத்துக்குத்தான் கூடுதல் விலை. எங்கள் ஊர்க்காரர்களும் அதைப் பார்த்துத்தான் மேல்கரையில் பிபிடி 5204ஐ நட்டார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் சன்ன அரிசியா எதிர்ப்புத் திறனா என்று எங்களைத் தெரிவு செய்யவைக்கும் நிலை தேவையற்றது. அதே பிபிடி 5204இல் பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிரான மூன்று மரபணுக்களை, மரபணுக் குறியீட்டின் துணையோடு அதே இரகத்தோடு திரும்பத் திரும்பப் பின்கலப்புச் செய்து, அரிசியின் குணம் மாறாமல் ஏற்றி, 2008இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியாக வெளியிட்டவை ஹைதராபாத்தின் பொதுத்துறை ஆராய்ச்சி நிறுவனங்கள். வெள்ளம் தாங்கும் மரபணுவை சிஆர் 1009 என்ற இரகத்தில் ஏற்றியதையும் நாங்கள் வயலில் நட்டுப் பார்த்திருக்கிறோம். வழி தெரிந்த வேலை இது. புகையானுக்கு அதைச் செய்யும்போது ஒற்றை மரபணுவோடு நிறுத்தினால் ஐஆர் 26 போன பாதையில்தான் போவோம். வெவ்வேறு வழிகளில் வேலை செய்யும் மரபணுக்களைச் சேர்த்து ஏற்றினால் பூச்சிக்கு ஒரே நேரத்தில் இரண்டையும் தாண்டுவது கடினம். பிபிஎச்-1 உடன் சிறு விளைவுடைய பிற மரபணுக்களும் சேர்ந்திருந்த ஐஆர் 64, ஐஆர் 26ஐவிட நெடுங்காலம் தாக்குப்பிடித்தது இதற்கு நல்ல சாட்சி.

இன்னொன்று. எதிர்ப்பு மரபணு விதைக்குள் இருப்பதால் அது தீராது என்ற எண்ணம் திட்டம் வகுப்போரிடம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது தீரும். ஒரு பருவத்தில் மூன்று தலைமுறை எடுக்கும் பூச்சியின் முன்னால், ஒரே இரகத்தை வட்டாரம் முழுதும் பரப்பும் ஒவ்வொரு பட்டமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அது எங்கள் முன்னோர் தெரிவு செய்து காத்த பொதுச் சொத்து என்பதால், அதை எங்கே, எவ்வளவு பரப்பில் பயன்படுத்துகிறோம் என்ற கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். அது எங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஆகவே கீழ்க்காண்பவற்றைக் கோருகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் நிறுத்தப்பட்ட அந்த இரகத்துக்கு உடனே ஆதார விதை ஒதுக்க வேண்டும். சான்று விதை உற்பத்தி செய்ய நானும் என்னோடு இன்னும் சில விதைப் பண்ணை விவசாயிகளும் ஆயத்தமாக இருக்கிறோம். ஓர் இரகத்தை விநியோகத்திலிருந்து நீக்கும் முன், அதிலுள்ள எதிர்ப்பு மரபணு என்ன, அதற்கு மாற்றாக வரும் இரகத்தில் என்ன உள்ளது என்பதை எழுத்தில் பதிவு செய்து வெளியிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இரகக் கையேட்டிலும் விதை மூட்டையின் அட்டையிலும், புகையான், ஆனைக்கொம்பன், தண்டுத் துளைப்பான் ஆகியவற்றுக்கு எதிரான சோதனை மதிப்பெண்ணையும், சோதித்த இடத்தையும் ஆண்டையும், தெரிந்த இடத்தில் மரபணுவின் பெயரையும் தமிழில் அச்சிட வேண்டும். மரபணு தெரியாவிட்டால் தெரியாது என்றே அச்சிடுங்கள். அதுவே "மிதமான எதிர்ப்பு" என்பதைவிட எங்களுக்கு அதிகம் பயன்படும். மதிப்பெண்ணை ஆண்டுதோறும் டெல்டாப் பூச்சிகளைக்கொண்டு புதுப்பிக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தில் ஒரு பட்டத்துக்கு, வேறுவேறு எதிர்ப்புப் பின்னணி கொண்ட குறைந்தது மூன்று இரகங்களாவது விரிவாக்க மையத்தில் கிடைக்க வேண்டும். சன்ன அரிசி இரகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட புகையான் எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றும் பணி எந்த நிலையில் உள்ளது, வயலுக்கு எப்போது வரும் என்பதை ஆய்வாளர்கள் விவசாயிகள் கூட்டத்தில் நேரில் வந்து சொல்ல வேண்டும். நெல்லில் புகையானைப் பெருக்கும் பைரித்ராய்டு மருந்துகளையும் அவை கலந்த கூட்டு மருந்துகளையும் மானியப் பட்டியலிலிருந்து நீக்கி, அந்தத் தொகையை, நடவில் இடையிடையே காலி இடைவெளி (பட்டம்) விட்டு நடுவதற்கான கூலிக்கும் வட்டார அளவிலான சோதனைத் தட்டுகளுக்கும் திருப்பிவிட வேண்டும்.

நாற்றங்கால் விடும் காலம் நெருங்குகிறது. விதை ஒதுக்கீட்டைத் திருத்தும் அதிகாரம் இப்போதும் உங்களிடம்தான் உள்ளது. முதல் கோரிக்கைக்கான முடிவை ஆடி முடிவதற்குள்ளும், மற்றவற்றுக்கான எழுத்துப்பூர்வமான பதிலை இந்தச் சம்பா அறுவடைக்கு முன்னும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடைமடையைச் சேர்ந்த ஒரு விதைப் பண்ணை விவசாயி